கல்முனையிலிருந்து உலக சுகாதாரம் படிக்கப் போகிறவர்களுக்கு

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்தக் கேள்வியோடு வரும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். தாதி உத்தியோகத்தர், பீ.எச்.ஐ., மிட்வைஃப், புதிதாக நியமனம் கிடைத்த டொக்டர், ஒலுவில் கெம்பஸில் உயிரியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர் என்று பல பேர். "வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்லைனில் மாஸ்டர்ஸ் செய்யலாமா? குளோபல் ஹெல்த் எடுத்தால் பிரயோசனம் இருக்கா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. சுகாதாரத் துறையில் தலை நரைத்தவன் என்ற உரிமையில் எழுதி வைக்கிறேன். முக்கியமானது முதலில் என்ற ஒழுங்கு இதில் இல்லை. ஞாபகம் வந்தபடி வருகிறது.

1. பணம் கட்டுமுன் இந்தப் பட்டம் எதைத் தராது என்று கேளுங்கள்.

டொக்டர் பிள்ளைகளே, இலங்கையில் சமுதாய மருத்துவ விசேட நிபுணராக வேண்டுமென்றால் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பரீட்சைகளும் பயிற்சியும் சபைச் சான்றும்தான் வழி. லண்டனிலோ எடின்பரோவிலோ ஒன்லைனில் எடுத்த முதுமாணிப் பட்டம் எவ்வளவு பெறுமதியானதாக இருந்தாலும் அந்தக் கதவைத் திறக்காது. தாதிமாரும் பீ.எச்.ஐ.மாரும் பதவியுயர்வுக்கோ சம்பள உயர்வுக்கோ இது கணக்கில் எடுக்கப்படுமா என்று தங்கள் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "எடுப்பாங்க, பிரச்சினையில்ல" என்று தேநீர்க்கடையில் சொல்பவர் நாளைக்கு உங்கள் கோவைக்குப் பொறுப்பாக இருக்கமாட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்பதையும், தொலைக்கல்வியாகப் பெற்ற பட்டம் ஏற்றுக்கொள்ளப்படுமா என்பதையும் இரண்டு தனிக் கேள்விகளாகவே கேட்கவேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் படிக்க ஆசை இருந்தால் படியுங்கள். நோயைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நோய் யாரிடம் போகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு வேறு இல்லை.

2. பவுண்ஸில் கடன்படாதீர்கள்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதம் 360 ரூபாய். அந்த இடைவெளியில் இரண்டாம் வருடக் கட்டணம் கட்டவேண்டியிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். சம்பளம் ரூபாயில், கட்டணம் பவுண்ஸில். இந்தப் படிப்பின் முதல் பாடம் பாடத்திட்டத்துக்கு வெளியே, உங்கள் வங்கிப் புத்தகத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பிரித்தானிய முறையில் முதுமாணிப் பட்டத்துக்கு 180 அலகுகள். 60 அலகுகளில் பட்டப்பின் சான்றிதழோடு நிறுத்தலாம், 120இல் டிப்ளோமாவோடு நிறுத்தலாம். பாட அலகுக்கு ஏற்பப் பணம் கட்டவிடும் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்தால், நாணயம் சரிந்தாலும் கையில் ஏதாவது ஒன்றோடு வெளியே வரலாம். பிரித்தானியப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஆணைக்குழு தொலைக்கல்விக்கென்றே தனியாகப் புலமைப்பரிசில் வைத்திருக்கிறது. நம்முடைய நாடு போன்றவற்றில் வேலைசெய்துகொண்டே படிப்பவர்களுக்கானது அது. விண்ணப்பத்தில் "என் ஊருக்கு இதனால் என்ன நடக்கும்" என்ற பகுதியைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். கீழே ஆறாவதிலிருந்து பதினோராவது வரை சொல்வதெல்லாம் அதை நிரப்பவும் உதவும்.

உம்மாவின் நகையை அடகு வைக்கவேண்டாம். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

3. நேரத்தைப் பற்றி வீட்டோடு முதலிலேயே பேசி முடியுங்கள்.

இங்கிலாந்தில் பிற்பகல் இரண்டு மணி வகுப்பு என்றால், அங்கே குளிர்காலத்தில் இங்கே இரவு 7.30. கோடையில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றிவிடுவதால் 6.30. ஒன்று இஷாவோடு மோதும், மற்றது மஃரிபை ஒட்டி வரும். நோன்பு காலத்தில் தராவீஹும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலான பாடங்கள் பதிவுசெய்யப்படுகின்றன, நேரடி வகுப்புக்கு வராவிட்டால் புள்ளி குறைப்பதில்லை என்று சொல்வார்கள். ஆனாலும் சேருமுன் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கொழும்பில் அறையெடுத்துப் படிக்க வீட்டில் விடமாட்டார்கள் என்ற இடத்தில் ஒன்லைன் படிப்பு பெரிய வழி. ஆனால் கொழும்புக்குப் போனவள் படிக்கிறாள் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். வீட்டு மூலையில் லெப்டொப்போடு இருப்பவளை யாரும் படிப்பவளாகக் கணக்கெடுப்பதில்லை. கறி பார், பிள்ளையைப் பிடி, விருந்தாளி வந்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு மணித்தியாலமும் பூட்டக்கூடிய ஒரு கதவும் வேண்டுமென்று வெட்கப்படாமல் கேளுங்கள். எங்கள் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மாவும் ராத்தாவும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மாமியார் வீட்டில் வாழும் மருமகளுக்கு இல்லாத வசதி அது. கணவன்மாருக்கு ஒரு வார்த்தை: மனைவி படிக்க "அனுமதி கொடுத்தேன்" என்று பெருமை பேசுவதை விட, அந்த இரண்டு மணித்தியாலமும் பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் போதும்.

4. கரண்ட் போகும். சிக்னல் போகும்.

2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மாரி மழை ஒக்டோபரில் தொடங்கிவிட்டால் இப்போதும் நம்பிக்கையில்லை. ஒப்படையைக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முந்தியே அனுப்புங்கள். வாசிக்கவேண்டியதை வார இறுதியில் இறக்கி வையுங்கள். பப்மெட் சென்ட்ரல், இலங்கை ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பு இரண்டிலும் காசில்லாமல் வாசிக்க ஏராளம் உண்டு. கணக்குப் பார்க்க ஆர், வரைபடம் போட கியூஜிஐஎஸ். இரண்டும் இலவசம். திருட்டு மென்பொருள் தேடி வைரஸ் வாங்காதீர்கள்.

5. பாடமாக்கி எழுதும் பழக்கத்தை ரியூஷன் வகுப்போடு விட்டுவிடுங்கள்.

ஏ.எல். பரீட்சையில் சேரின் நோட்ஸை வரிக்கு வரி எழுதியவனுக்கு "ஏ" கிடைத்தது. அங்கே அதே வேலையைச் செய்தால் களவு என்று விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பயிற்றுவித்தது அப்படி. இன்னொருவரின் கருத்தை எடுத்தால் பெயர் சொல்லவேண்டும், சொந்த வசனத்தில் எழுதவேண்டும், அதன்பின் அதோடு சண்டைபிடிக்கவேண்டும். மூன்றாவதுதான் நமக்குக் கஷ்டம். பெரியவர் சொன்னதை மறுப்பது மரியாதைக்குறைவு என்று வளர்ந்திருக்கிறோம். பேராசிரியரோடு மாறுபடுவது அந்த வகுப்பில் மரியாதையின் ஒரு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் வாசியுங்கள், தமிழில் வாதாடுங்கள். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அதே மாதிரிப் படிப்புப் படிக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு உட்காருங்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தால் விவாதம் இன்னும் பிரயோசனமாக இருக்கும். ஏனென்று பத்தாவதில் சொல்கிறேன்.

6. இலங்கையில் மாவட்டங்கள் 25. சுகாதாரப் பிராந்தியங்கள் 26. அந்த மேலதிகமான ஒன்று நாங்கள்.

இதை நன்றாக யோசியுங்கள். அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. நிருவாகத்துக்கு அது ஒரு மாவட்டம். சுகாதார அமைச்சு மட்டும் அதை அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியங்களாக வைத்திருக்கிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, திருக்கோவில், பொத்துவில், உள்ளே சம்மாந்துறை, நாவிதன்வெளி, இறக்காமம் எல்லாம் கல்முனைப் பிராந்தியத்துக்குள். தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் வெளியிடும் அறிக்கையின் அட்டவணையைத் திறந்து பாருங்கள். அம்பாறைக்கு ஒரு வரி, கல்முனைக்குத் தனியே ஒரு வரி.

இனிக் கணக்குக்கு வாருங்கள். இந்தக் கிழமை கல்முனையில் டெங்கு எத்தனை பேருக்கு என்று அந்த வரி சொல்லும். எத்தனை பேரில் அத்தனை என்று கேட்டால் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடம்தான் போகவேண்டும். அவர்கள் அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகையைத் தருவார்கள். பின்னத்தின் மேல் எண் ஓர் அலுவலகத்தில், கீழ் எண் வேறோர் அலுவலகத்தில், இரண்டுக்கும் எல்லைகள் வேறு. அவசரத்தில் கல்முனையின் நோயாளரை முழு மாவட்டத்தின் சனத்தொகையால் பிரித்தால், கரையில் நோயே இல்லை என்பதுபோல் விடை வரும். சரியாகச் செய்யவேண்டுமென்றால் பிரதேச செயலகப் பிரிவுகளின் சனத்தொகையை ஒன்றொன்றாக எடுத்துக் கூட்டவேண்டும். 2012க்கும் 2024க்கும் இடையில் நாட்டில் முழுமையான தொகைமதிப்பு நடக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் பயன்பட்ட சனத்தொகை எல்லாம் மதிப்பீடுதான். மத்திய கிழக்குக்குப் போனவர்கள், திரும்பியவர்கள், கொழும்பில் கடைவைத்துப் பெருநாளுக்கு மட்டும் ஊருக்கு வருபவர்கள் எங்கே எண்ணப்பட்டார்கள்?

மேல் எண்ணையும் நம்பிவிடாதீர்கள். டெங்கு என்று சந்தேகித்தவுடன் டொக்டர் எச் 544 படிவத்தை நிரப்பி எம்.ஓ.எச். ஒபிஸுக்கு அனுப்பவேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பீ.எச்.ஐ. வீட்டைத் தேடிப் போவார். அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் கிடப்பவருக்கு இது பெரும்பாலும் நடக்கும். மாலையில் தனியார் டிஸ்பென்சரியில் காட்டி மருந்தெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவருக்கு? வசதியுள்ளவனின் காய்ச்சல் பல நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. எண்ணிக்கையில் ஏழை கூடுதலாகத் தெரிவான். மாணவர் அதை அப்படியே ஏற்றத்தாழ்வு என்று எழுதுவார். அது ஏற்றத்தாழ்வுதான், ஆனால் நோயில் இருக்கிறதா, பதிவில் இருக்கிறதா என்று பிரித்துக் காட்டினால்தான் மாஸ்டர்ஸ்.

உங்கள் முதல் ஒப்படையை இதில் செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். வெளிநாட்டு வகுப்பில் இருக்கும் நூறு பேரில் வேறு எவராலும் இதை எழுத முடியாது.

7. சராசரியைப் பார்த்துக் கைதட்டாதீர்கள்.

பாடப்புத்தகத்தில் இலங்கை ஒரு கதாநாயகன். 1985இல் ரொக்கஃபெல்லர் நிறுவனம் குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. சீனா, கொஸ்தாரிக்கா, கேரளா, இலங்கை ஆகிய நான்குதான் உதாரணங்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடு வீடாகப் போகும் மிட்வைஃப், இலவசக் கல்வி, இலவச வைத்தியம் என்று காரணங்கள் அடுக்கப்படும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்றளித்தது. எங்கள் வாப்பாமார் குளிர்காய்ச்சலில் நடுங்கிய இந்த மாவட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. பெருமைப்படலாம்.

அதே 2016ஆம் ஆண்டு சனத்தொகை சுகாதார ஆய்வையும் திறந்து பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம். பெருந்தோட்டப் பகுதியில் 31.7 வீதம். ஒரே நாடு, ஒரே இலவச வைத்தியம். தோட்டங்களில் வாழ்பவர்கள் மொத்த சனத்தொகையில் சிறு பங்கு என்பதால் அவர்களுடைய எண் சராசரியை அசைக்கவே இல்லை. அம்பாறை மாவட்டத்தின் சராசரியும் அப்படித்தான். 2012 தொகைமதிப்பின்படி இங்கே முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. கரையும் காடும், மீன்வாடியும் கரும்புத் தோட்டமும் ஒரே எண்ணில் கிடக்கின்றன.

லண்டன் வைட்ஹோல் அரசாங்க ஊழியர்களைப் பற்றி 1967இல் தொடங்கிய ஆய்வைக் கட்டாயம் வாசிக்க வைப்பார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் இலவச வைத்தியம், யாரும் பட்டினியில்லை. ஆனாலும் அடிமட்ட ஊழியரின் இறப்பு வீதம் மேல்மட்ட அதிகாரியினதை விட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏழை, பணக்காரன் என்ற இரண்டு தட்டு அல்ல, படிக்குப் படி இறங்குகிறது. வாசித்து முடித்த மறுநாள் உங்கள் கச்சேரிக்கோ பிரதேச செயலகத்துக்கோ போய் வாசலில் இருக்கும் காவலாளியிலிருந்து மாடி அறை வரை பார்த்துக்கொண்டு நடந்தால், அந்த ஆய்வைப் பற்றி மைக்கல் மார்மட் எழுதியது லண்டனுக்கும் சாய்ந்தமருதுக்கும் பொதுவானது என்று விளங்கும்.

8. எங்கள் மையித்துகளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரையை வாசியுங்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. கடல் வந்ததைப் பற்றி இந்த ஊர்களில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். நாட்டில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு இழக்கவில்லை.

2006இல் ஜப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து பிஎம்சி பப்ளிக் ஹெல்த் இதழில் ஒரு கட்டுரை போட்டார்கள். இந்த மாவட்டக் கரையில் 13 முகாம்களில் இருந்த 859 குடும்பங்களைக் கேட்டு எழுதியது. 3,533 பேரில் 12.9 வீதம் இறந்தோ காணாமலோ போயிருந்தார்கள். ஆண்களில் 8.2 வீதம், பெண்களில் 17.5 வீதம். சிறுபிள்ளைகளும் முதியவர்களும் அதிகம். அலை வந்த நேரம் வீட்டுக்குள் இருந்தவர்கள், வெளியே இருந்தவர்களை விட அதிகம்.

ஆணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெண்கள் இறந்தது ஏன் என்று வகுப்பில் கேட்டால் நீச்சல், உடுப்பு, கையில் பிள்ளை என்று பட்டியல் வரும். எல்லாம் உண்மைதான். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஓலை வீடாக இருந்தாலும் ஓட்டு வீடாக இருந்தாலும் குசினியில் நின்றது யார், சந்தையிலும் சந்தியிலும் நின்றது யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலுக்கு ஆண் பெண் பேதம் தெரியாது. யார் எந்த நேரத்தில் எங்கே நிற்கலாம் என்று தீர்மானித்தது நாங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகாமில் உயிரோடு இருந்தவர்களைக் கேட்டுத்தான் இறந்தவர்களை எண்ணினார்கள். ஒருவரும் மிஞ்சாத குடும்பத்தைப் பற்றிச் சொல்ல அந்த முகாமில் ஆளில்லை. சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர்களும் இதில் வரவில்லை. கட்டுரையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அந்தச் சூழ்நிலையில் அதைச் செய்து முடித்ததே பெரிய வேலை. உங்கள் சொந்த மாமியின் மரணம் உள்ளே இருக்கும் ஓர் அட்டவணையைப் பார்த்து, "இந்த எண்ணில் யார் இல்லை?" என்று கேட்க முடிந்தால், பிறகு எந்த நாட்டின் அட்டவணையையும் வாசிக்கலாம். அழுகை வந்தால் எழுந்து போய் வுழூ செய்துவிட்டு வந்து மீண்டும் வாசியுங்கள்.

9. படிவத்தில் உள்ள கட்டங்களைச் சந்தேகியுங்கள்.

சுனாமிக்குப் பிறகு வீடு கொடுத்தபோது படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆணின் பெயர் விழுந்தது. எங்கள் கரையில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது. அலை அடித்துப்போனது அவளுடைய வீடு, திரும்பக் கிடைத்த உறுதியில் கணவனின் பெயர். பெண்கள் அமைப்புகள் இதற்காகக் குரல் கொடுக்கவேண்டியிருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் என்றுகூடச் சொல்லமுடியாது, கொழும்பில் அச்சடித்த படிவம் குடிவழி தாய்வழியாக ஓடும் ஊருக்கு வந்தது, அவ்வளவுதான். நீங்கள் நாளைக்கு வினாக்கொத்து தயாரிக்கும்போது வெளிநாட்டு மாதிரியை இறக்கி மொழிபெயர்த்தால் இதையே திரும்பச் செய்வீர்கள்.

10. கொவிட்டில் இறந்தவர்களின் ஜனாஸா எரிப்பைப் பற்றி எழுதுங்கள். எப்படி எழுதுவது என்பதில் கவனம்.

வெளிநாட்டு வகுப்பில் "உங்கள் நாட்டில் சான்றுக்கு எதிராக எடுக்கப்பட்ட சுகாதாரத் தீர்மானம் ஒன்று" என்று கேட்டால் உங்கள் எல்லோர் கையும் இங்கேதான் போகும். போகட்டும். ஆனால் திகதிகளைச் சரியாக வையுங்கள். 2020 மார்ச் 24இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்தது. ஏப்ரல் 11இல் 1897ஆம் ஆண்டுத் தொற்றுத்தடைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி வந்து தகனம் கட்டாயமானது. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி 25இல் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. மார்ச் 5இல் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. கல்முனைக்காரரும் மட்டக்களப்பைத் தாண்டி அங்கேதான் கொண்டுபோகவேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இந்த வரிசையை முதலில் குளிர்ந்த மனதோடு எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: நிலத்தடி நீரால் தொற்றும் என்ற வாதம் எங்கிருந்து வந்தது? அதை நிரூபிக்கவேண்டிய பொறுப்பு யாருடையது என்று கருதப்பட்டது? நிபுணர் குழுவில் யார் இருந்தார்கள், யார் இல்லை? காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து வீட்டிலேயே கிடந்தவர்களை நாம் அறிவோம். ஒரு சுகாதார விதி மக்களைச் சுகாதாரச் சேவையிலிருந்தே விரட்டினால், அதன் கணக்கை எப்படிப் போடுவது? கோபம் தேவைதான். கோபம் முதற்பந்தியில் நின்றால் ஆசிரியர் அனுதாபப் புள்ளி போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆறாம் பந்தியில், சான்றுகளுக்குப் பின்னால் நின்றால் யோசிப்பார்.

கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கட்டும் என்று ஐந்தாவதில் சொன்னதன் காரணம் இதுதான். உங்கள் காயத்தை அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள், அவர்களுடையதை உட்கார்ந்து கேளுங்கள். யுத்தகாலத்தில் வைத்தியம் கிடைக்காமல் போனவர்களின் கதை இந்தக் கரையில் எல்லாப் பக்கமும் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கதை மட்டும் உள்ள ஒப்படை, சுகாதார ஏற்றத்தாழ்வைப் பற்றியதாக இருக்காது.

11. எங்களுக்குக் கீழே யார்?

சிறுபான்மை என்று பேசிப் பழகிய எங்களுக்கு இந்தக் கேள்வி கசக்கும். கல்முனை நகரத்தில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை மற்றது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு முச்சக்கரவண்டியில் சில நிமிடம். ஏன் இரண்டு என்பதற்கு அரசியல் வரலாறு உண்டு, எனக்குத் தெரிந்ததை விட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். இரண்டிலும் நல்ல வேலை நடக்கிறது. ஆனால் ஆலையடிவேம்புப் பக்கம் அளிக்கம்பையில் வாழும் வனக்குறவர் தாய் ஒருத்தி பிரசவ வலியோடு எத்தனை வாகனம் மாறவேண்டும் என்று அந்த இரண்டின் வாசலிலும் நின்று யோசித்ததுண்டா?

1971இல் வேல்ஸ் சுரங்க ஊரில் வேலைசெய்த டொக்டர் ஜூலியன் ரியூடர் ஹார்ட், நல்ல வைத்தியம் தேவைக்கு நேர்மாறாகவே கிடைக்கிறது என்று லான்செட்டில் எழுதினார். அவர் எங்கோ தூரத்தில் இருந்து எழுதவில்லை. தன்னிடம் வரும் நோயாளிகளுக்கு நடுவிலிருந்தே எழுதினார். நீங்களும் அப்படி எழுதலாம். மருதமுனையில் கைத்தறியில் குனிந்தே இருந்தவரின் முதுகு. நெல் ஆலைத் தூசியில் நின்றவரின் மூச்சு. சவூதியிலிருந்து திரும்பிய பணிப்பெண்ணின் இரத்த அழுத்தமும், அவள் யாரிடமும் சொல்லாததும். தோணிக்காரன் சீனிக் கிளினிக்குக்கு ஏன் வருவதில்லை என்றால், கிளினிக் காலையில், அவன் கரையேறுவதும் காலையில்.

சீனி என்றதும் ஒன்று. ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே "இனிப்பைக் குறை" என்று ஏசுவதோடு நிற்காமல், கலியாண வீட்டு சஹனைப் பற்றியும் பள்ளிவாசல் கஞ்சியோடு வரும் குளிர்பானத்தைப் பற்றியும் பேசத் தொடங்குங்கள். 1985இல் ஜெஃப்ரி ரோஸ் எழுதிய கட்டுரை உங்கள் பாடத்தில் வரும். ஊருக்கே இருக்கும் நோயையும் ஆளுக்கு இருக்கும் நோயையும் அவர் பிரித்துக் காட்டுவார். வாசித்தவுடன் நிந்தவூரில் நடந்த ஏதோ ஒரு கலியாணம் ஞாபகம் வரும்.

12. ஆய்வேட்டைச் சின்னதாக எடுங்கள்.

"கிழக்கு மாகாண முஸ்லிம்களின் சுகாதார ஏற்றத்தாழ்வு" என்று தலைப்பிட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு எம்.ஓ.எச். பிரிவு, ஒரு கேள்வி. பிரித்தானியப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதி மட்டும் போதாது. இலங்கையில் உள்ள ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் எடுங்கள். மாதக்கணக்கில் இழுபடும், ஆகவே முதலாம் வருடத்திலேயே தொடங்குங்கள்.

இரகசியம் காப்பதில் அங்கே சொல்லித்தருவது இங்கே போதாது. பெயரை நீக்கிவிட்டு "34 வயது, மூன்று பிள்ளைகளின் தாய், கணவர் கட்டாரில், சாய்ந்தமருது" என்று எழுதினால் லண்டனில் அது அநாமதேயம். சாய்ந்தமருதில் அது முகவரி. வயதை ஐந்தைந்து வருடமாகத் தொகுத்து, ஊரின் பெயருக்குப் பதிலாகக் கரையோரப் பிரிவு என்று போட்டு, தேவையில்லாத விவரத்தை விட்டுவிடுங்கள்.

முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதுங்கள். ஆங்கில ஆய்வேட்டின் சுருக்கமாக அது இருக்கக்கூடாது. என்ன கேட்டீர்கள், யாரைக் கேட்டீர்கள், என்ன வந்தது, இதில் எது நிச்சயமில்லை என்று மிட்வைஃப் வாசிக்கும்படி எழுதவேண்டும். முதல் பிரதியை அவரிடமே கொடுங்கள். இந்த ஒழுங்கை என் பிரிவில் ஏன் சேர்த்தீர்கள், இந்த மூன்று வீடும் போன வருடமே இடம்மாறிவிட்டன, இந்தப் பிள்ளையின் நிறையைத் தராசு பழுதாக இருந்த மாதத்தில் எடுத்தது என்று அவர் சொல்வார். எழுதிக்கொண்டு வந்து திருத்துங்கள். திருத்திய பிரதியை எம்.ஓ.எச். ஒபிஸில் ஒப்படைத்து, உங்கள் பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.